முழங்காலிடுவதா, நிற்பதா? திருப்பலியில் பயபக்தி குறித்த ஒரு நீண்ட வழக்கு

கத்தோலிக்கர்கள் இரண்டு பேர் வழிபாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரமே சில பழகிய கேள்விகளில் போய் நிற்கும். நற்கருணையை, அதாவது திருப்பலியில் வழங்கும் அப்பத்தை, நாவில் வாங்குவதா, கையில் வாங்குவதா? குருவானவர் மக்களைப் பார்த்து நிற்க வேண்டுமா, மக்களோடு சேர்ந்து பீடத்தைப் பார்த்து நிற்க வேண்டுமா? லத்தீன் வேண்டுமா, வேண்டாமா? ஒருவர், "இரண்டாம் வத்திக்கான் சங்கம் வந்துதான் பயபக்தியே போச்சு" என்பார். மற்றவர், "சங்கம் சொன்னதைத்தான் செய்கிறோம், நீங்கள்தான் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்" என்பார். 1960களில் உலகெங்கும் உள்ள ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய அந்தச் சங்கத்தின் ஏட்டை இருவரில் ஒருவராவது எடுத்துப் படித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அந்த ஏடு ஒன்றும் பெரியதல்ல. திருவழிபாடு பற்றிய சட்டத்தொகுப்பு 1963 டிசம்பர் 4 அன்று நிறைவேறியது. ஆதரவு 2147 வாக்குகள், எதிர்ப்பு வெறும் 4. லத்தீன் வழிபாட்டு முறைகளில் லத்தீன் மொழி காக்கப்பட வேண்டும் என்று அதன் 36ஆம் எண் சொல்கிறது. அடுத்த வரியிலேயே, தாய்மொழிக்குக் கூடுதல் இடம் தரலாம் என்றும் சொல்கிறது. 116ஆம் எண், பழைய லத்தீன் வழிபாட்டு இசையான கிரகோரியன் பாடலுக்கு முதலிடம் தருகிறது. உரிய நேரங்களில் மௌனம் காக்க வேண்டும் என்பது 30ஆம் எண். குருவானவரே ஆனாலும் தன் இஷ்டத்துக்கு எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பது 22ஆம் எண். குருவானவர் மக்கள் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்ற பேச்சு அதில் எங்குமே இல்லை. நற்கருணையைக் கையில் கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது. அதற்காக, எதையும் மாற்றக்கூடாது என்று சங்கம் சொன்னதாகவும் வாதிட முடியாது. சடங்குகளை எளிமையாக்க வேண்டும், மக்கள் வெறும் பார்வையாளராக இல்லாமல் முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும் என்பது அந்த ஏட்டின் உயிர்நாடி. ஆக, இரு தரப்பும் சங்கத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ள இடமிருக்கிறது. இரு தரப்புக்கும் அது முழுதாகச் சொந்தமில்லை.

பிறகு என்ன நடந்தது? பீடத்தைச் சுவரிலிருந்து பிரித்து, சுற்றி வரக்கூடியதாகவும் மக்களை நோக்கி நின்று பலி நிறைவேற்றக்கூடியதாகவும் அமைப்பது நல்லது என்று 1964 செப்டம்பரில் வத்திக்கான் ஓர் அறிவுரை வெளியிட்டது. 'அமைப்பது நல்லது' என்ற அந்தப் பரிந்துரை சில ஆண்டுகளுக்குள் உலகம் முழுக்கக் கிட்டத்தட்டச் சட்டம்போல ஆகிவிட்டது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1969இல் புதிய திருப்பலி நூலை அறிவித்தார்; அந்த ஆண்டு நவம்பர் 30, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, அது நடைமுறைக்கு வந்த நாள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் புதிய நூலின் குறிப்புகளிலேயே சில இடங்களில் 'குருவானவர் மக்களை நோக்கித் திரும்பி' என்று வருகிறது. ஏற்கெனவே மக்களைப் பார்த்து நிற்பவர் எதற்குத் திரும்ப வேண்டும்? நூலைத் தொகுத்தவர்கள் இரண்டு நிலைக்கும் இடம் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கையில் நற்கருணை வாங்கும் கதை இன்னும் சுவாரசியமானது. 1960களில் ஹாலந்து, பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ் பகுதிகளில் யாரிடமும் அனுமதி கேட்காமல் இந்தப் பழக்கம் பரவியது. ஆறாம் பவுல் உலகெங்கும் உள்ள ஆயர்களிடம் கருத்துக் கேட்டார். கையில் தரலாம் என்றவர்கள் 567 பேர். கூடாது என்றவர்கள் 1233 பேர். 1969 மே மாதம் வெளியான ஆவணம், நாவில் வழங்கும் வழக்கமே தொடர வேண்டும் என்று காரணங்களோடு சொன்னது. ஆனால் அதே ஆவணம், வேறு வழக்கம் ஏற்கெனவே வேரூன்றிவிட்ட இடங்களில் ஆயர் பேரவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கெடுத்து அனுமதி கேட்கலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தது. அந்தக் கதவு வழியாக நாடு நாடாக வந்தார்கள். அமெரிக்காவுக்கு 1977இல் அனுமதி கிடைத்தது. விதிவிலக்கு வழக்கமாகி, வழக்கமாக இருந்தது விதிவிலக்குபோல ஆகிவிட்டது. மீறியவர்களுக்குப் பரிசு கிடைத்தது என்று மரபுத் தரப்பு இன்றும் கசப்போடு சொல்வதற்கு இதுதான் காரணம். அந்தக் கசப்பில் நியாயம் இருக்கிறது.

சரி, நாவில் வாங்குவதுதான் ஆதிகாலம் தொட்டு வந்த முறையா? இங்கேதான் மரபுத் தரப்புக்கு இடிக்கும். 4ஆம் நூற்றாண்டில் எருசலேமில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்குக் கொடுத்த போதனை ஒன்று நம் கையில் இருக்கிறது. எருசலேம் ஆயர் புனித சிரிலின் பெயரில் வழங்குவது. இடது கையை வலது கைக்கு அரியணையாக வை, அரசரை வரவேற்கப்போகும் கையல்லவா என்கிறது அது. உள்ளங்கையைக் குழித்து, ஆமென் சொல்லி வாங்கிக்கொள் என்கிறது. அத்தோடு விடவில்லை. ஒருவர் உன்னிடம் பொன்துகள் கொடுத்தால் ஒரு துளியும் சிந்தாமல் எவ்வளவு கவனமாகப் பிடிப்பாய், அதைவிட விலையேறப்பெற்ற இதில் ஒரு துணுக்கு விழாதபடி எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. கையில் வாங்குவதற்கு ஆதாரம் காட்டுகிறவர்கள் இந்தப் போதனையின் முதல் பாதியை மேற்கோள் காட்டி நிறுத்திக்கொள்வார்கள். எதிர்க்கிறவர்கள் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சேர்த்துப் படித்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும்: கை, நாக்கு என்பதைவிட அந்தத் துணுக்கைப் பற்றிய பதற்றம்தான் மூலம்.

அதே பதற்றம்தான் பின்னாளில் நாவுக்கும் வழி காட்டியது. 9ஆம் நூற்றாண்டுவாக்கில் மேற்குத் திருச்சபையில் அப்பத்தை நேரே வாயில் கொடுக்கும் முறை வலுப்பெறத் தொடங்கியது. துணுக்கு விழுந்துவிடுமோ என்ற கவலை ஒன்று. யாராவது கையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் மந்திர தந்திரத்துக்குப் பயன்படுத்திவிடுவார்களோ என்ற பயம் இன்னொன்று. எண்ணெய் பூசி அபிஷேகம் செய்யப்பட்ட கைகள்தான் அதைத் தொட வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. ஆக, ஒரே நம்பிக்கை ஒரு காலத்தில் உள்ளங்கையை அரியணையாக்கியது, இன்னொரு காலத்தில் கையை விலக்கிவைத்தது. 20ஆம் நூற்றாண்டில் நடந்ததில் என் மனக்குறை, கைக்குத் திரும்பிப் போனதில் இல்லை. சிரில் கூறிய கவனத்தை எருசலேமிலேயே விட்டுவிட்டு, கையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்ததில்தான்.

முழங்காலிடுவதும் இப்படித்தான். இன்று மண்டியிடுவதே ஆராதனையின் உச்சம் என்று நினைக்கிறோம். ஆனால் 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் 20ஆம் விதி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாஸ்கா (உயிர்ப்பு) காலத்திலும் முழங்காலிடக் கூடாது, நின்றுதான் செபிக்க வேண்டும் என்கிறது. அவர்களுக்கு முழங்கால் என்பது தவத்தின், பாவத்துக்கு வருந்துவதன் அடையாளம். உயிர்த்தெழுந்தவரின் நாளில் உயிர்த்தெழுந்தவர்களாக நிற்க வேண்டும். கிழக்குத் திருச்சபைகளில் இந்த மரபு இன்றும் உயிரோடிருக்கிறது. பைசாந்திய வழிபாட்டில் மக்கள் நின்றுகொண்டே, கரண்டியால் வாயில் நற்கருணை வாங்குகிறார்கள். அங்கே பயபக்திக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மேற்கில் கதை வேறு பக்கம் போனது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் பொருள் மாறுகின்றன என்ற போதனையை உறுதியாக அறிவித்தது. வருடத்தில் ஒருமுறையாவது, பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்கியே ஆகவேண்டும் என்றும் சட்டம் போட வேண்டியிருந்தது. அவ்வளவு அபூர்வமாகத்தான் மக்கள் வாங்கினார்கள். வாங்குவதற்குப் பதிலாகக் காண்பது முக்கியமானது. பீடத்தைப் பார்த்து நிற்கும் குருவானவர் என்ன செய்கிறார் என்று பின்னாலிருப்பவர்களுக்குத் தெரியாது; எனவே வசீகரம் (அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலாக்கும் வார்த்தைகளைக் குரு சொல்வது) ஆனவுடன் அப்பத்தைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் பகுதியிலிருந்து பரவியது. மணி அடித்தார்கள். எல்லாரும் மண்டியிட்டார்கள். 1264இல் திருத்தந்தை நான்காம் அர்பன் கிறிஸ்துவின் உடல் திருவிழாவை முழுத் திருச்சபைக்கும் ஏற்படுத்தினார். அந்த விழாவுக்காகத் தாமஸ் அக்குவினாஸ் இயற்றியதாக வழங்கும் பாடலின் கடைசி இரண்டு கண்ணிகள்தான் நற்கருணை ஆசீரில் இன்றும் பாடப்படுகின்றன. நமக்குத் தெரிந்த 'பழைய பக்தி' என்பதில் பெரும்பகுதி இந்த நூற்றாண்டுகளின் விளைச்சல். பின்னர் திரிதெந்து சங்கம் முடிந்து, திருத்தந்தை ஐந்தாம் பயஸ் 1570இல் திருப்பலி நூலை ஒழுங்குபடுத்தியபோது இவை எல்லாம் விதிகளாக நிலைபெற்றன. அப்போதுகூட, 200 ஆண்டுகளுக்கு மேல் வழக்கிலிருந்த வேறு வழிபாட்டு முறைகளை அவர் தொடவில்லை. மிலான் நகரின் அம்புரோசிய முறை அப்படித்தான் தப்பியது.

திசை விஷயத்தில் ஒரு சிறு திருத்தம் தேவை. பழைய முறையில் குருவானவர் 'மக்களுக்கு முதுகைக் காட்டினார்' என்று சொல்வது அப்போதைய எண்ணத்துக்கு நியாயம் செய்யாது. ஆதிக் கிறிஸ்தவர்கள் கிழக்கு நோக்கிச் செபித்தார்கள். கிறிஸ்து மீண்டும் வரும் திசை அது. குருவும் மக்களும் ஒரே பக்கம் திரும்பிக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் பொருள். உரோமை புனித பேதுரு பேராலயத்தில் பீடம் இருக்கும் பக்கம் மேற்கு, வாசல் கிழக்கு. எனவே அங்கே கிழக்கு நோக்கி நிற்கும் குரு, தற்செயலாக மக்களையும் பார்த்தே நிற்பார். 2016 ஜூலையில் கர்தினால் இராபர்ட் சாரா, குருக்கள் மறுபடி பீடம் நோக்கித் திரும்பலாமே என்று லண்டனில் ஓர் உரையில் அழைப்பு விடுத்தார். சில நாட்களிலேயே வத்திக்கான், புதிய விதி எதுவும் வரப்போவதில்லை என்று விளக்கம் கொடுத்துவிட்டது. இதற்கு நடுவழியாகத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் கையாண்ட முறை ஒன்று உண்டு: பீடத்தின் நடுவில் பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தை) வைத்துவிட்டால், எந்தப் பக்கம் நின்றாலும் குருவும் மக்களும் அதையே பார்ப்பார்கள்.

பயபக்தி என்பது பெரிய விவாதங்களில் தெரிவதைவிடச் சின்ன அசைவுகளில்தான் தெரியும். பழைய முறைத் திருப்பலியில் அப்பத்தை வசீகரம் செய்த நொடியிலிருந்து, கடைசியில் கை கழுவும்வரை, குருவானவர் இரண்டு கைகளிலும் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்தே வைத்திருப்பார். பக்கம் புரட்ட வேண்டுமானாலும், கிண்ணத்தைத் தூக்க வேண்டுமானாலும் மற்ற விரல்களால்தான். அப்பத்தைத் தொட்ட விரல்களில் கண்ணுக்குத் தெரியாத துகள் ஒட்டியிருந்தால் அது வேறெங்கும் விழுந்துவிடக் கூடாது. பீடத்தில் விரிக்கும் சதுரமான வெள்ளைத் துணியை மடிப்பதற்கும் முறை உண்டு: உள்பக்கமாக மும்மூன்றாக மடித்து ஒன்பது கட்டமாக்குவார்கள், துணுக்கு இருந்தால் உள்ளேயே தங்கும்படி. 1967இல் வந்த ஆவணம் விரல்களைச் சேர்த்து வைப்பது கட்டாயமில்லை என்று தளர்த்தியது. குருவானவர் முழங்காலிடும் எண்ணிக்கையையும் வெகுவாகக் குறைத்தது. புதிய நூலில் திருப்பலிக்குள் மூன்றே முறை.

ஆனால் புதிய விதிகள் அந்தக் கவலையைக் கைவிட்டுவிட்டன என்று நினைத்தால் தவறு. விரலில் துணுக்கு ஒட்டினால் அப்பத்தட்டின்மேல் துடைக்க வேண்டும், தேவைப்பட்டால் கழுவ வேண்டும் என்று இன்றைய திருப்பலி நூலின் முன்னுரையான பொதுப் போதனையின் 278ஆம் எண் சொல்கிறது. மக்கள் நற்கருணை வாங்கும்போது தாடைக்குக் கீழே பிடிக்கும் தட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும் என்று 2004இல் வந்த வத்திக்கான் அறிவுரை சொல்கிறது. அதே அறிவுரை, முழங்காலில் நின்றோ எழுந்து நின்றோ, நாவில் வாங்க விரும்புகிறவருக்கு எங்கேயும் மறுக்கக் கூடாது என்கிறது. விசுவாச அறிக்கையில் 'தூய ஆவியால் உடல் எடுத்து' என்ற இடத்தில் எல்லாரும் தாழ்ந்து பணிய வேண்டும். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவிலும் மங்கள வார்த்தைத் திருநாளிலும் (இயேசு பிறப்பார் என்று மரியாவுக்கு வானதூதர் அறிவித்த நாள்) அந்த இடத்தில் முழங்காலிட வேண்டும். இயேசுவின் பெயர் வரும்போது தலை தாழ்த்த வேண்டும். இவையெல்லாம் பழைய நூலின் விதிகள் அல்ல, இன்றைக்கு நடப்பில் உள்ளவை. எத்தனை கோவில்களில் செய்கிறார்கள்? சட்டம் போனதால் பக்தி போனது என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்காததற்குக் காரணம் இதுதான். சட்டம் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

உபவாசம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அங்கே சட்டமே கரைந்துவிட்டது. முன்பு நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துதான் நற்கருணை வாங்குவார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1953இல் தண்ணீரை அனுமதித்தார், 1957இல் உபவாசத்தை மூன்று மணி நேரமாக்கினார். ஆறாம் பவுல் 1964 நவம்பரில் ஒரு மணி நேரமாக்கினார். மாலைத் திருப்பலிக்கு வழி பிறந்ததும், அடிக்கடி நற்கருணை வாங்க முடிந்ததும் இதனால்தான்; உழைத்துக் களைத்து வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாங்கும் நேரத்துக்கு முன்னால் ஒரு மணி என்றால், ஞாயிறு திருப்பலிக்குக் கிளம்பும்போது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் விதி மீறலில்லை. உடம்பு உணராத உபவாசம் மனதுக்கு என்ன சொல்லிக்கொடுக்கும்?

பெண்கள் முக்காடு போடும் விஷயத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1917 திருச்சபைச் சட்டத்தின் 1262ஆம் எண் அதைக் கேட்டது. 1983 சட்டத்தில் அந்த விதி இல்லை. இன்று போடுகிறவர் விருப்பத்தால் போடுகிறார், போடாதவர் மீறவில்லை. இதை வைத்து ஒருவரையொருவர் அளப்பது வீண் வேலை.

மௌனம்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பழைய முறையில் திருப்பலியின் மையச் செபத்தைக் குருவானவர் தாழ்ந்த குரலில் சொன்னார். கோவிலே அடங்கிப்போகும் பல நிமிடங்கள் அவை. இப்போது அந்தச் செபம் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லப்படுகிறது. கேட்டுப் புரிந்து ஆமென் சொல்வதில் லாபம் உண்டு. மௌனத்துக்கு வேறு இடங்களைப் புதிய விதிகள் ஒதுக்கின: பாவமன்னிப்பு வழிபாட்டில், 'மன்றாடுவோமாக' என்றபின், வாசகத்துக்குப் பின், மறையுரைக்குப் பின், நற்கருணைக்குப் பின். திருப்பலி தொடங்குமுன் கோவிலிலும், குரு உடை மாற்றித் தயாராகும் சக்ரீஸ்து அறையிலும் அமைதி வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. நடைமுறையில் 'மன்றாடுவோமாக' என்ற சொல் முடியும் முன்னே செபம் ஆரம்பமாகிவிடும். நற்கருணைக்குப் பின் ஒரு பாட்டு, அப்புறம் அறிவிப்புகள். கொஞ்சம் இடைவெளி விழுந்தால் யாரோ எதையோ மறந்துவிட்டார்கள் என்று எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒலிபெருக்கி கோவிலுக்குள் வந்ததை எந்தச் சங்கமும் வாக்கெடுத்து முடிவு செய்யவில்லை. ஆனால் பீடத்தைத் திருப்பியதைவிட அதிகமாக அதுதான் வழிபாட்டை மாற்றியது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பழைய திருப்பலி முறையே வேண்டும் என்று கேட்டவர்களின் கதைக்குத் தனி வரலாறு உண்டு. 1971இல் இங்கிலாந்தில் எழுத்தாளர்களும் கலைஞர்களும் ஒரு மனு கொடுத்தார்கள்; அகதா கிறிஸ்டி, வயலின் மேதை யெஹுதி மெனுஹின்போலக் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆறாம் பவுல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கு மட்டும் சலுகை கொடுத்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1984இல் அதை நிபந்தனைகளோடு உலகுக்கு விரித்தார். பழைய முறையைப் பற்றிக்கொண்ட புனித பத்தாம் பயஸ் சபையை 1970இல் நிறுவிய பேராயர் மார்செல் லெஃபெவ்ர், 1988 ஜூன் 30 அன்று உரோமையின் அனுமதியில்லாமல் நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தியபோது முறிவு வெளிப்படையானது. 2007இல் பெனடிக்ட், எந்தக் குருவும் பழைய திருப்பலி நூலின் 1962 பதிப்பைப் பயன்படுத்தலாம் என்று தாராளமாகத் திறந்தார். 2021 ஜூலை 16 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதை இறுக்கமாக மூடினார்: ஆயரின் அனுமதி வேண்டும், பங்குக் கோவில்களில் கூடாது, வாசகங்கள் தாய்மொழியில், புதிய குழுக்கள் கூடாது. இந்தச் சலுகை சங்கத்தையே மறுப்பதற்குக் கருவியாகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் அதே நாளில் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், புதிய முறையை இஷ்டப்படி நடத்துகிறவர்களால் ஏற்படும் வேதனையையும் அவர் சொல்லியிருந்தார். மறு ஆண்டு வெளியிட்ட மடலில் நிற்பது, அமர்வது, முழங்காலிடுவது, மௌனமாயிருப்பது ஆகியவற்றின் பொருளை மக்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று விரிவாக எழுதினார். அந்த மடலைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. தடையைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள்.

பழைய நூலைப் பிடித்தால்தான் பயபக்தி என்று நினைப்பவர்களும், பழைய நூல் என்றாலே கலகம் என்று நினைப்பவர்களும் பிரான்சில் இரண்டு மடங்களைப் பார்க்கலாம். கிரகோரியன் பாடலை மீட்டெடுத்ததில் உலகப் புகழ்பெற்ற சொலெம் மடத்தில் புதிய நூலின்படிதான் திருப்பலி, ஆனால் லத்தீனில், அந்தப் பழைய பாடல்களோடு. அதே சபையைச் சேர்ந்த, அந்த மடத்தின் துறவிகளால் மீண்டும் உயிர்பெற்ற ஃபோங்கொம்போ மடத்தில் பழைய நூலின் மரபில் திருப்பலி. இரண்டும் புனித பெனடிக்டின் ஒரே துறவற ஒழுங்கில் வாழ்கின்றன, ஒரே திருத்தந்தையின் பெயரைச் சொல்லிச் செபிக்கின்றன.